கோய் குளத்து வடிகட்டியில் வளர்ந்த கங்கோங் கீரையைச் சமைக்கலாமா?

சுங்கைக்கரை (சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுக்கு முன், தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த ஆண்டில் அப்பா செய்த முதல் வேலை, பின்கட்டில் ஒரு குளம் வெட்டியதுதான். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம். சிமெண்டுப் பூச்சுகூட அவர் கையால் பூசியது. போன ஆண்டு அப்பா காலமாகிவிட்டார். அவர் வளர்த்த எட்டு கோய் அழகு மீன்கள் இன்னும் இருக்கின்றன. பராமரிப்பு இப்போது என் பொறுப்பு.

குளத்துத் தண்ணீர் பாசிப் பச்சையாகிவிட்டது. வடிகட்டி என்பது இரண்டு நீலப் பீப்பாய்கள். முதலாவதில் பஞ்சு, இரண்டாவதில் ஜல்லி. அம்மாவுக்கு வயது 74. லயத்தில் இருந்த காலத்தில் வாய்க்கால் ஓரமெல்லாம் அவர் கீரைதான். இங்கே வந்த பிறகு கீரைக்குப் பசார் மாலத்தை (இரவுச் சந்தையை) நம்பியிருக்கிறோம். அங்கே வாங்கிய ஒரு கட்டுக் கங்கோங்கில் இலையை ஆய்ந்துகொண்டு, தண்டுகளை மட்டும் இரண்டாவது பீப்பாய் ஜல்லியில் செருகி வைத்தேன். நான்கே நாளில் வேர் விட்டது. மூன்று வாரத்தில் பீப்பாயை மூடிக்கொண்டு படர்ந்துவிட்டது. ஆனால் கொழுந்து இலைகள் மஞ்சளாக வருகின்றன. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.

மஞ்சள் ஏன்? இந்தச் செடியால் தண்ணீர் தெளியுமா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, அம்மாவுக்கு இதைச் சமைத்துக் கொடுக்கலாமா?

கோய்க்காரன் (ஈப்போ)

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். கோய் வளர்க்கிறவர்கள் வீட்டில் மருந்துப் புட்டி இல்லாமல் இருக்காது. வெண்புள்ளி நோய்க்கும் பூஞ்சைக்கும் ஊற்றும் மருந்துகளில் மாலகைட் பச்சை, ஃபார்மலின், மயில்துத்தம் என்று பலவும் இருக்கும். அழகு மீனுக்கென்று விற்கும் மருந்தை, அதே தண்ணீரில் வளரும் கீரையை மனிதர் தின்பார் என்று நினைத்து யாரும் தயாரிப்பதில்லை. மாலகைட் பச்சையை உணவு மீனுக்குப் பயன்படுத்தப் பல நாடுகளில் தடையே இருக்கிறது. அப்பா கடைசியாக எப்போது, எந்த மருந்தை ஊற்றினார் என்று தெரியாமல் ஓர் இலையையும் வாயில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஜல்லிக்குள் செடியை வளர்ப்பது வடிகட்டியைக் கெடுக்கும் வேலை. கங்கோங் வேர் வலைபோலப் பின்னிக்கொள்ளும். மீன் கழிவு அதில் சிக்கி அழுகும். கடைசியில் வெளியேறும் குழாயை வேர் அடைத்து, பீப்பாய் நிரம்பி வழிந்து, குளத்துத் தண்ணீர் முழுவதையும் விசைப்பம்பு வெளியே இறைத்துவிடும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் ஒரே இரவில் இப்படி நடந்தது. காலையில் தரையில் மீன்களைப் பார்த்தவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள்.

கிராணியார்

இருவருக்கும் வணக்கம். வடிகட்டிக்குள் செடி கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். செடியே கூடாது என்பதை ஏற்கவில்லை. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

8 × 5 × 3 என்றால் 120 கன அடி. லிட்டரில் ஏறக்குறைய 3,400. எட்டு மீன்களும் சராசரி 800 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6.4 கிலோ. நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு தீனி என்றால் 64 கிராம். ஒரு கிலோ தீனிக்குச் சுமார் 30 கிராம் அம்மோனியா தண்ணீரில் சேரும் என்பது மீன் வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் உங்கள் குளத்தில் நாள்தோறும் இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல். வடிகட்டி நின்றுவிட்டால் இரண்டு மூன்று நாளில் மீன் திணறும் அளவு இது. நம் ஊர் வெயிலில் இன்னும் மோசம். பாசி நிறைந்த குளத்தில் பிற்பகலில் தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். ஏறும். அது ஓர் அலகு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும்.

ஜல்லியில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். வேறு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கும். வடிகட்டியின் வேலை அத்தோடு முடிகிறது. நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கும். அதைத் தின்றுதான் உங்கள் பாசி இப்படிக் கொழுக்கிறது. கங்கோங் அந்த நைட்ரேட்டுக்குப் பாசியோடு போட்டி போடும். தண்ணீர் தெளிய அது உதவும். ஆனால் அது ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள். குளத்தில் பாதிக்காவது நிழல் வலை கட்டுங்கள்.

எவ்வளவு செடி வேண்டும்? கீரை வகைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்பது ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2014-இல் தந்த அளவு. உங்கள் 64 கிராமுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் கீரைப் படுகை தாங்கும். ஒரு கதவின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் இலைக்குக் காரணம் இரும்புச் சத்துக் குறைவு. கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் அதுதான். மீன் தீனியில் செடிக்குப் போதுமான இரும்பு இருக்காது. துருப்பிடித்த ஆணியைப் போடச் சொல்வார்கள். அந்தத் துரு தண்ணீரில் கரைந்து செடிக்குக் கிடைக்காது. உரக்கடையில், தண்ணீரில் கரைந்தே நிற்கும் டி.டி.பி.ஏ. வகை இரும்பு என்று கேளுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு போதும். 11 விழுக்காடு இரும்புள்ள தூள் என்றால் உங்கள் குளம் முழுவதற்கும் 62 கிராம். அதையும் இரண்டு மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றுங்கள்.

சுங்கைக்கரை

கிராணியார் ஐயா, இதைத் தாளில் எழுதிக் குளத்தடிச் சுவரில் ஒட்டிவிட்டேன். நன்றி.

கோய்க்காரன் அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு அப்பாவின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பாதி தீர்ந்த பச்சை மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. அப்பா எல்லாவற்றையும் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். கடைசியாக மருந்து ஊற்றியது மூன்று ஆண்டுகளுக்கு முன். அதன் பிறகு எத்தனையோ முறை தண்ணீர் மாற்றியிருக்கிறார். அதுவும் குறிப்பில் இருக்கிறது. புட்டியை இப்போது பூட்டி வைத்துவிட்டேன்.

வெள்ளைச்சீருடை (தெலுக் இந்தான்)

நான் தாதியாக வேலை செய்கிறேன். அக்காவின் அம்மாவுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

குளத்துத் தண்ணீர் பட்ட எந்தக் கீரையையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. கங்கோங் போன்ற நீர்ச்செடிகளின் மீது குடல் தட்டைப்புழுவின் இளம்புழுக் கூடு ஒட்டியிருக்கலாம். அந்தப் புழு நீர் நத்தை வழியாகப் பரவுவது. கொதிக்க வைத்தால் செத்துவிடும். வல்லாரையை உலாமாகப் பச்சையாகத் தின்பது நம் வழக்கம்தான், ஆனால் குளத்து வல்லாரையை அப்படித் தின்னாதீர்கள். அதற்குத் தனியாக மண் தொட்டி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எலி. செம்பனைக் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் எலி வராமல் இருக்காது. மீன் தீனி மூட்டை திறந்து கிடந்தால் அது நிச்சயம் வரும். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் தண்ணீர் வழியாகத் தோலிலுள்ள காயத்தில் ஏறும். காலில் புண் இருக்கும்போது குளத்துக்குள் இறங்காதீர்கள், கையுறை போட்டுக்கொண்டு வடிகட்டியைக் கழுவுங்கள். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் அவரைப் பீப்பாய்ப் பக்கமே விடாதீர்கள்.

கொசுவைப் பற்றியும் கவனம் வேண்டும். விசைப்பம்பு நின்றுபோன கீரைத் தொட்டிதான் ஏடிஸ் தேடும் இடம். நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975-இலிருந்தே இருக்கிறது, சுகாதார அதிகாரி வந்து புழுவைக் கண்டால் அபராதம் உண்டு. தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தால் கொசு முட்டையிட இடமில்லை. திறந்த தொட்டி என்றால் கொசுப்புழுவைத் தின்னும் லோங்காங் (சாக்கடைக் கப்பி) மீன்கள் நான்கைப் பிடித்து விடுங்கள்.

பழைய லயம் (பாகான் செராய்)

மகளே, உன் அம்மா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று கேட்க மாட்டேன். வாய்க்கால் ஓரத்துக் கீரை என்று நீ எழுதியதுமே எனக்கு எங்கள் லயம் கண்ணுக்கு வந்துவிட்டது. பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போய், ரப்பர்ப் பால் வெட்டி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு வரும் வழியில் மடி நிறையப் பொன்னாங்கண்ணி பறித்து வருவார்கள். கிலாடி என்னும் சேம்பு இனத் தண்டை வெட்டிப் பன்றிக்கு வேகவைக்கிற அண்டா இரண்டு வீட்டுக்கு ஒன்று புகைந்துகொண்டிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியும் கங்கோங்கும்தான் உயிரைக் காத்தன என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கங்கோங்கோடு நின்றுவிடாதே. வேர் நனைந்தே இருந்தாலும் அழுகாத செடிகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. பொன்னாங்கண்ணி, வல்லாரை, ரம்பை, லக்சாவுக்குப் போடும் கெசோம், மலாய்க்காரர் உலாமுக்கு வைக்கும் செலோம். கெசோம் தண்டு ஒன்றை முறித்து ஈரத்தில் போட்டால் போதும், தானாகப் பிடித்துக்கொள்ளும். மஞ்சளையும் கறிவேப்பிலையையும் கொண்டுபோய் அங்கே நடாதே, அழுகிவிடும். சேம்பு நட்டால் உண்ணும் இனம்தானா என்று நன்றாகத் தெரிந்துகொண்டு நடு. அதையும் புளி ஊற்றி நன்றாக வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்கும். காட்டுக் கிலாடியும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் அது விஷம்.

வெள்ளீயம் தோண்டிய பழைய ஈயக்குட்டையில் கங்கோங் அறுத்து வந்து விற்கிறார்கள். அதிலிருந்து தண்டு எடுத்து நடாதே. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அலசிய மண்ணில் என்னென்னவோ கிடக்கிறது. கங்கோங் அதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி.

இப்போது நான் கேட்க வந்தது. அந்த இரண்டு நீலப் பீப்பாய்கள் எங்கிருந்து வந்தவை?

சுங்கைக்கரை

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்து ஸ்டோரில் காலியானதை அப்பா கேட்டு வாங்கி வந்தாராம். அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "ஸ்டோரில் நீலப் பீப்பாயில் வருவது வேறென்ன, மருந்துதான்" என்றார்.

அம்மா பதினேழு ஆண்டுகள் மருந்து அடிக்கும் வேலை பார்த்தவர். முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு போவார். அவருடைய கைவிரல் நகங்கள் கறுத்து உதிர்ந்து முளைத்ததை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அந்தப் பீப்பாயில்தான் அவருக்குக் கீரை நட்டிருக்கிறேன்.

கோய்க்காரன்

சகோதரி, மனத்தைத் தளர விடாதீர்கள். இருபது ஆண்டுக்கு மேலாகத் தண்ணீர் ஓடிக் கழுவிய பீப்பாய். மருந்து மிச்சம் இருந்தால் கோய் முதல் மாதமே செத்திருக்கும். மீன் நம்மை விட நுட்பமானது.

கிராணியார்

இதை நான் ஏற்க மாட்டேன். மீன் சாகவில்லை என்பதிலிருந்து மீனை உடனே கொல்லும் அளவு நஞ்சு இல்லை என்று தெரிகிறது, அவ்வளவுதான். கீரை தின்பவருக்குப் பாதுகாப்பு என்று அதிலிருந்து தெரியாது. பிளாஸ்டிக் சுவர் சில இரசாயனங்களைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். தோட்டத்தில் அடித்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லி களிமண்ணையும் சேற்றையும் இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. பீப்பாய் அடியில் பழைய சேறு எவ்வளவு ஆண்டுகளாகத் தங்கியிருக்கிறது என்று யோசியுங்கள். நம் நாட்டில் பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை அறிவித்தார்கள். 2006-இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 முதல். ஆகவே அப்பா பீப்பாய் வாங்கிய காலத்தில் அது தோட்டத்தில் தாராளமாகப் புழங்கியது. அதுதான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

பீப்பாயின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து உணவுப் பீப்பாய் என்று ஏமாறாதீர்கள். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்லும், உள்ளே என்ன இருந்தது என்பதை அல்ல.

பழைய லயம்

கிராணியார் சொன்னதுதான் என் பேச்சும். மகளே, அப்பாவின் மீது குறை நினைக்காதே. அந்தக் காலத்தில் அந்தப் பீப்பாயில் குடிக்கிற தண்ணீரே பிடித்து வைத்தோம். அதில் என்ன இருந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. படிக்கத் தெரியாதவர்கள் கையில் ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கை ஒட்டிய பீப்பாய்களைக் கொடுத்தார்கள்.

கோய்க்காரன்

ஒப்புக்கொள்கிறேன். நான் மீனை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

ஆனால் இரண்டு பீப்பாய்களையும் ஒரே நாளில் எடுத்தால் நுண்ணுயிர் முழுவதும் போய்விடும். புது வடிகட்டி பழக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன் செத்துவிடும். என் குளத்தில் நன்றாகப் பழகிய வடிகட்டிக் கல் இரண்டு மூட்டை தர முடியும். இரண்டு ஆண்டுகளாக என் குளத்தில் புது மீன் எதையும் விடவில்லை, நோய் எதுவும் வந்ததில்லை. ஈப்போவிலிருந்து உங்கள் ஊர் அரை மணி நேரம்தான். ஈரமாகவே கொண்டுவர வேண்டும், காய்ந்தால் பயனில்லை. புதுப் பீப்பாய் தயாரானதும் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

மூன்று கட்டமாக அமையுங்கள். முதல் பீப்பாயில் சேறு தங்கட்டும், அடியில் ஒரு வால்வு வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். இரண்டாவதில் கல் மட்டும். அதைத் தாண்டி வரும் தெளிந்த தண்ணீர் தனிக் கீரைத் தொட்டி வழியாக ஓடிக் குளத்தில் விழட்டும். கீரைத் தொட்டியின் வெளிவாயை இரண்டு அங்குலக் குழாயாக வைத்து, துளையிட்ட மூடி ஒன்று போடுங்கள். வேர் அடைத்தாலும் மேல்மட்டத்தில் இன்னொரு வழிவாய் இருக்கட்டும். விசைப்பம்பு, குளத்துத் தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவரச் செய்ய வேண்டும். உங்களுக்கு மணிக்கு 1,700 லிட்டர். ஆனால் உயரத்துக்கு ஏற்றும்போது குறையும் என்பதால் 2,500 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

வெள்ளைச்சீருடை

அக்கா, அம்மாவின் நகத்தையும் மூச்சையும் மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மருந்து அடித்த வேலையைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

சுங்கைக்கரை

ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சோயா சாறு ஏற்றி வந்த பீப்பாய் இரண்டு, பழைய சாமான் கடையில் கிடைத்தன. மூடியைத் திறந்ததும் கிச்சாப் வாசனை. அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. கீரைத் தொட்டியைச் சிமெண்டில் கட்டினோம். புதுச் சிமெண்டுச் சுண்ணாம்பு போக ஐந்து முறை தண்ணீர் நிரப்பி இறைத்தோம். கோய்க்காரன் அண்ணா சொன்னபடியே கல் கொண்டுவந்து, தாமே இறங்கிக் குழாய் பொருத்திக் கொடுத்தார். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

பழைய கங்கோங்கையும் ஜல்லியையும் சேற்றையும் பைகளில் கட்டி அப்புறப்படுத்தினோம். பீப்பாய்களைத் தெருமுனையில் வைக்கலாம் என்றேன். அம்மா விடவில்லை. "யாராவது எடுத்துப்போய்த் தண்ணீர் பிடிப்பார்கள்" என்று சொல்லி, அப்பாவின் கடப்பாறையை எடுத்து வரச் சொன்னார். நான் பிடித்துக்கொள்ள, அவர் கையாலேயே ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் குத்தித் துளையிட்டார். அதற்குப் பிறகுதான் வெளியே போக விட்டார். அன்று மாலை வரை அவர் யாரிடமும் பேசவில்லை.

நடுவில் ஒரு சிக்கல். இரண்டு வாரம் விடாமல் மழை பெய்து குளத்தின் பி.எச். 6-க்கும் கீழே போய்விட்டது, அம்மோனியா ஏறத் தொடங்கியது. கிராணியார் ஐயா தனிச்செய்தியில் விளக்கினார்: நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போதே தண்ணீரின் காரத்தைத் தின்கின்றன, மழைத் தண்ணீரில் அது கிடையாது, ஆகவே பி.எச். சரிகிறது, சரிந்தால் அவை வேலையை நிறுத்திவிடுகின்றன. கோல செபெத்தாங் போன உறவினர் கொண்டுவந்த கெராங் சிப்பி ஓடுகளை நன்றாகக் கழுவி, நொறுக்கி, ஒரு வலைப்பையில் கட்டி இரண்டாவது பீப்பாயில் தொங்கவிட்டேன். இப்போது 7-க்கு அருகிலேயே நிற்கிறது. ஓடு கரையக் கரையப் புதிது போட வேண்டும்.

இரும்பு ஊற்றிய பத்தாம் நாள் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. பசார் மாலத் தண்டில் வந்த முதல் அறுவடையை, அதிலிருக்கும் பூச்சி மருந்தை நினைத்து, எரு குழியில் போட்டோம். இரண்டாவது அறுவடையை நெத்திலி போட்டு வதக்கினேன். அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, லயத்துக் கீரையை விடத் தண்டு கொஞ்சம் முற்றல், அடுத்த முறை மூன்று நாள் முன்னதாக அறு என்றார். மருத்துவரிடமும் போய் வந்தோம், நுரையீரலுக்குப் படம் எடுத்திருக்கிறார்கள்.

தண்ணீர் இப்போது முழங்கை ஆழம் வரை தெரிகிறது. அப்பா போன பிறகு முதல்முறையாக அந்தப் பெரிய செம்மீனை முழுதாகப் பார்த்தேன்.

தொட்டியில் இப்போது கங்கோங், பொன்னாங்கண்ணி, கெசோம் மூன்றும் இருக்கின்றன. அம்மாவுக்குத் தாமரைக் கிழங்கின் மீது ஆசை. குளத்திலேயே ஒரு சட்டியில் வைத்து இறக்கலாமா?

கோய்க்காரன்

குளத்தில் வேண்டாம், கோய் மீன்கள் மண்ணைக் கிளறி, கொழுந்தையும் கிழங்கையும் தின்றுவிடும். அடி அகலமான தனித் தொட்டியில் ஓரடி களிமண் போட்டு வையுங்கள். எட்டு மணி நேர வெயில் விழும் இடமாக இருக்கட்டும். நாலைந்து லோங்காங் மீன்களை அதில் விட மறக்காதீர்கள்.

பழைய லயம்

களிமண்ணை எங்கிருந்து எடுக்கப் போகிறாய் என்பதை முதலில் எழுது, மகளே.